தடையில்லாத ஆறடி

ஜனவரி 9

அன்புள்ள பென்சிலுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நான் நலம். உன் மாமா வாரத்தில் ஐந்து நாள் நலம். மீதி இரண்டு நாள் செவ்வாயும் வெள்ளியும். உன் வறட்டு இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்று நான் சொன்னால் நீ குடிக்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்று நீ போனில் பேசியபோது நான் "ஆமா, சரி, ஆமா, சரி" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரே அறை வீடு. உன் மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் காது மட்டும் டூட்டியில் இருக்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய காது, கடைசி சீட்டில் பேசுவதும் கேட்கும். ஆகவே அவரைப் பற்றிய சங்கதிகளை இனி காகிதத்தில்தான் எழுதுவேன். நீயும் காகிதத்திலேயே பதில் போடு. கடிதம் வந்தால் அவர் பிரிக்க மாட்டார். "அக்கா தம்பி சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று அலமாரி மேல் வைத்துவிடுவார்.

நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் பொதுமக்களுக்கு ஒரு பெஞ்சு போடப்போகிறார்கள், அதை வரைகிற வேலை உன் மேஜைக்கு வந்திருக்கிறது என்றாயே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உனக்கு அங்கே நடப்பது முழுதாகத் தெரியாது. டயாலிசிஸ் நான்கு மணி நேரம். முடிந்ததும் ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டு, "எறங்குங்க, அடுத்த ஆள் நிக்கிறாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் சடசடவென்று இறங்கும். ஒரு மணி நேரம் மட்டமாகப் படுத்தால்தான் பஸ் ஏற முடியும். உட்கார்ந்தால் போதாது, தலை சாய வேண்டும், கால் நீள வேண்டும்.

எங்கே படுப்பது? பழைய கட்டிடத்தின் வாசல் படிதான். மூன்றாவது படி கொஞ்சம் அகலம். அதில் போர்வையை விரித்துப் படுக்க வைக்கிறேன். வருவோர் போவோர் தாண்டிப் போகிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஒருவர் அவர் கையையே மிதித்துவிட்டார். "பரவால்ல சார், ஸ்டாப்பிங் வந்தா எறங்கத்தானே வேணும்" என்கிறார் இந்த மனுஷன்.

நீ பூ வரைந்துகொள், கொடி வரைந்துகொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். டெய்லரிடம் டேப் வாங்கி வந்து, அவர் தூங்கும்போது அளந்து பார்த்தேன். ஐந்தடி எட்டங்குலம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்கும்
உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பாதி நின்றது. மீதியை வெந்நீர் பார்த்துக்கொள்கிறது. சத்தியமாகக் குடிக்கிறேன். மாமாவுக்கு என் அன்பைச் சொல், காரணத்தைச் சொல்லாதே.

முதலில் உன் கேள்விக்குப் பதில். பெஞ்சின் மொத்த நீளம் ஒன்பதடி. அதில் ஆறடி மாமா படுக்க, நடுவில் எந்தத் தடையும் இல்லாமல். மீதி மூன்றடியில் நீ உட்காரலாம், பையையும் வைத்துக்கொள்ளலாம். இதை நான் சும்மா ஆறுதலுக்காக எழுதவில்லை. அளவை ஏற்கெனவே தாளில் போட்டுவிட்டேன்.

இப்போது என் ஆசையைக் கேள். அம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எனக்கு ஆறு வயது. நான் அழாமல் இருக்க நீ என்னைப் பழைய கட்டிடத்து வாசலில் நிறுத்தி, மேலே சுவரோரமாகச் சுண்ணாம்புப் பூக்கள் வரிசையாகப் போகின்றனவே, அவற்றை எண்ணச் சொன்னாய். நாற்பத்தொன்று. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்றுக்குச் சீப்பு போல இதழ், ஒன்றின் நடுவில் ஒரு கண், ஒன்று தலைகீழ். அப்போதிலிருந்துதான் எனக்குக் கட்டிடங்களின் அலங்காரத்தை அண்ணாந்து பார்க்கும் பைத்தியம் பிடித்தது.

போன வாரம் அந்தக் கட்டிடத்தின் பழைய வரைபடத்தை ஆவண அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தூணுக்கு அளவு இருக்கிறது, படிக்கு அளவு இருக்கிறது. பூ வரிசை இருக்கும் இடத்தில் மட்டும் அளவே இல்லை. ஓரத்தில் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பூ வேலை, அவரவர் கைப்படி." வேலை செய்த கொத்தனார்கள் ஆளுக்கொன்று தங்கள் மனசுக்குத் தோன்றியதை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை.

அந்தப் பூக்கள் பதினைந்தடி உயரத்தில் இருக்கின்றன. யாருக்கும் கை எட்டாது. அவற்றை உட்காருகிறவர் முதுகு படும் இடத்துக்கு இறக்க வேண்டும். ஆனால் நான் வரையப்போவதில்லை. அங்கே காத்துக்கிடக்கிறவர்கள் வரையட்டும். நாற்பத்தொரு பேர், ஆளுக்கு ஒரு களிமண் வில்லை, டீ சாஸர் அளவு, ஒரு அங்குலக் கனம். செங்கல் சூளையில் மண் கேட்டால் தருவார்கள். ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, மாமாவின் பழைய கூட்டாளிகள் பஸ்ஸில் கொடுத்துவிடு. நான் அச்செடுத்து, சிமெண்டும் பளிங்குச் சில்லும் கலந்து வார்த்து, பெஞ்சின் சாய்மானம் முழுக்கப் பதிப்பேன். உட்காரும் பலகை வழவழவென்று வெறுமையாக இருக்கும், மாமாவுக்காக.

இதை நீ ஒருத்திதான் செய்து தர முடியும். வாரம் இரண்டு நாள் அங்கேயே இருக்கிறவள் நீ.

உன் தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள பென்சிலுக்கு,

நலம். உன் பேச்சைக் கேட்டு மண் பிசைந்து என் தோள்பட்டைதான் நலமில்லை. துணி ஊறவைக்கும் தொட்டி போயே போய்விட்டது. போனதோடு சரி, புதுசு வாங்கித் தா என்றெல்லாம் கேட்க மாட்டேன், பெருந்தன்மை.

நாற்பத்தொன்றும் தேறிவிட்டது. முதல் நாள் யாரும் கிட்டவே வரவில்லை. நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், "இதுக்கு ஐடி புரூஃப் எதாவது குடுக்கணுமாம்மா?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் தனக்கு வரைய வராது என்று நழுவினார். வில்லையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போனால், சாஸரைக் கவிழ்த்து அழுத்தி, வட்டம் வட்டமாக வைத்திருக்கிறார். "இது போதுமாம்மா, இன்னும் எதாவது பண்ணணுமா?" என்று அவருக்கு வெட்கம் வேறு.

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேட்டு வாங்கினார்கள். பெருக்குகிற அம்மா ஒரு கடிகாரம் போட்டார். முள் இரண்டு மணியில் நிற்கிறது. "அப்பத்தான் என் டூட்டி முடியும், வேற நேரம் எனக்குத் தேவையில்ல" என்றார். எங்களைப் படியிலிருந்து விரட்டுகிற வாட்ச்மேன் இருக்கிறாரே, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் கிண்டினார். என்னவென்று எட்டிப் பார்த்தால் ஒரு நாற்காலி. "எட்டு மணி நேரம் நிக்கிறவனுக்கு வேற என்னம்மா தோணும்?" என்றார். விரட்டுகிறவர் என்று இத்தனை நாள் மனசுக்குள் அவரைத் திட்டியதற்கு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உன் மாமா முதலில் பிடி கொடுக்கவே இல்லை. "மண்ணுல விளையாடற வயசா எனக்கு?" என்றார். ஆனால் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். "எத்தனை ஆச்சு?" "முப்பத்தஞ்சு." "இப்ப?" "நாப்பது." கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "இன்னும் ஒண்ணு யாரு போடறதா இருக்கு?" என்றார். கடைசி வில்லையைத் துணி பிரித்து மடியில் வைத்தேன். "குடு" என்று கையை நீட்டினார்.

இடது கையில் ஊசிக் கட்டு. வலது கையால் மட்டும் ஒரு ஸ்டியரிங் வரைந்தார். வட்டம் கொஞ்சம் கோணல். முடித்ததும் திருப்தி வரவில்லை. "ஸ்டியரிங்னா பாக்கறதுக்கா? புடிக்கறதுக்கு" என்று சொல்லி, ஈரமாக இருக்கும்போதே விளிம்பைக் கப்பென்று பிடித்துவிட்டார். நான்கு விரலும் ஒரு கட்டை விரலும் அப்படியே பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. அதைச் சரிசெய்துவிடாதே. அப்படியே வை.

அவருடைய கூட்டாளி டிரைவரிடம் நேற்று மூட்டையைக் கொடுத்தாயிற்று. என்ஜின் பக்கம் வைக்காதே, மண் காய்ந்துவிடும் என்று உன் மாமா பத்து தடவை சொன்னார். டிரைவருக்கே அலுத்துப்போய், "அண்ணே, மடியில வெச்சு ஓட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

இருமல் எப்படி?

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பறந்துவிட்டது. மூட்டை வந்த சந்தோஷத்தில் பறந்தது என்றே வைத்துக்கொள்.

நாற்பத்தொன்றையும் மேஜையில் பரப்பினேன். மூன்று மட்டும் விரிசல், ஈர மண் குழைத்து ஒட்டிவிட்டேன். ஆபீஸே என் மேஜையைச் சுற்றி நின்றது. நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்கள், கடிகாரத்தைப் பார்த்து மணி கேட்டார்கள். மாமாவின் ஸ்டியரிங்கில் விரல் வைத்துப் பார்க்காதவர்கள் கிடையாது. எங்கள் பிரிவுத் தலைவர்கூட வைத்துப் பார்த்தார். "யாருய்யா இது? பெரிய கை" என்றார். என் அக்கா வீட்டுக்காரர் என்று சொன்னேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

வருகிற திங்கட்கிழமை வரைபடம் கூட்டத்துக்குப் போகிறது. தலைவருக்கு அலங்காரம் பிடிக்கும். ஒன்றும் சிக்கல் இருக்காது. மாமாவை இன்னும் மூன்று மாதம் அந்தப் படியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் தம்பி

மார்ச் 18

அன்புள்ள பென்சிலுக்கு,

நான் நலம். உன் மாமாவுக்கு உதட்டில் இரண்டு தையல். பயப்படாதே, கடிதத்தை முழுக்க வாசி.

போன செவ்வாய்க்கிழமை யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று படியில் ஒருவரும் இருக்கக் கூடாதென்று உத்தரவு. வாட்ச்மேன் எங்களிடம் வந்து, "எழுந்திருங்கம்மா, இன்னிக்கு ஒரு நாள்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் எங்களைவிடப் பாவமாக இருந்தது. உன் மாமாவைத் தூக்கித் தூணோரமாக நிறுத்தினேன். என்மேல் சாய்ந்துதான் நின்றார். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ கைய விடு" என்று சொல்லிக்கொண்டே சரிந்தார். என்னால் தாங்க முடியவில்லைடா. தூணின் அடிக்கல்லில் வாய் இடித்துவிட்டது. வாட்ச்மேன்தான் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தலையைத் தாங்கினார். "மன்னிச்சிருங்கம்மா, மேல இருந்து சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு அன்று யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களின்மேல் காட்டினேன்.

தையல் போட்ட வாயை வைத்துக்கொண்டு உன் மாமாவுக்குப் பேச்சு குறையவில்லை. நீ ஆறடி என்று எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தேன். "ஆறடியா? நல்லா யோசிச்சுப் போடச் சொல்லு. ஆறடின்னதும் வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருக்குமே. ஆறடிக்குச் சம்மதித்தார்களா?

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. மாமாவின் தையல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கு எல்லோரும் நலம்.

வார்ப்பு வேலை ஆரம்பித்துவிட்டது. வெள்ளைச் சிமெண்டில் மூன்று விதச் சில்லு போட்டுப் பார்த்தோம். கருப்பு அதிகமானால் பெருக்கும் அம்மாவின் கடிகார முள் தெரியவில்லை. கடைசியில் இளம் பச்சைச் சில்லு அமைந்தது. அரைத்து மெருகேற்றிய பிறகு, ஈரக் கையால் தடவினால் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. டீக்கடைக்காரரின் சாஸர் வட்டங்கள் நாம் நினைத்ததைவிட ஆழம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும்போது, பழைய கட்டிடத்துப் பூ வரிசைக்கு இது சொந்தம் என்று யாரும் சொல்வார்கள்.

கூட்டத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் சொன்னார்கள். அது எப்போதும் உள்ளதுதான். மாமாவின் ஸ்டியரிங்கை மற்றவற்றோடு சாய்மானத்தில் பதிக்காமல் தனியாக, எடுப்பாக நிற்கும்படி வைக்கப்போகிறேன். அதற்கு அந்தத் தகுதி உண்டு.

அப்புறம், டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு மணி நேரம் வார்டுக்குள்ளேயே எங்காவது ஓரமாகப் படுக்க விடுவார்களா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாயா? கேட்டால் தப்பில்லையே. காற்றுத் தலையணை ஒன்று கடையில் பார்த்தேன், கழுத்துக்கு வைத்துக்கொள்வது. உட்கார்ந்தபடியே தூங்கலாமாம். அனுப்பட்டுமா?

உன் தம்பி

மே 2

பென்சிலுக்கு,

நலம்.

டாக்டரிடம் ஏற்கெனவே மூன்று தடவை கேட்டாயிற்று. ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் மூன்று பேர். அவர் என்ன செய்வார்? தலையணை வேண்டாம்.

நான் கேட்டது வேறு. ஆறடி தடையில்லாமல் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. போஸ்ட் கார்டு போதும்.

அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

இல்லை.

பொது இடத்துப் பெஞ்சில் யாரும் படுக்கக் கூடாது என்று புதிதாக ஒரு விதி. எல்லா ஊருக்கும் பொது. ஆகவே ஐந்து பேர் தனித்தனியாக உட்காரும்படி நடுவில் நான்கு தடுப்புகள் வந்துவிட்டன. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தடுப்பு வேலையை வேறு பிரிவு பார்த்துக்கொண்டது. என் கையில் எதுவும் இல்லை அக்கா.

பெஞ்சு நாளை லாரியில் ஏறுகிறது. திறப்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இங்கே வேலை நெருக்கடி, வர முடியாது போலிருக்கிறது.

மாமாவிடம் எப்படிச் சொல்வாயோ.

உன் தம்பி

ஜூலை 1

அன்புள்ள பென்சிலுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பெஞ்சு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், அந்த வாசலில் அவ்வளவு அழகான சாமான் வேறொன்று இல்லை. முதல் நாள் அத்தனை பேரும் குனிந்து குனிந்து தங்களுடையதைத் தேடினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் வில்லையைக் கண்டுபிடித்துப் போனில் படம் எடுத்து அதை ஜெராக்ஸும் போட்டுக் கடையில் ஒட்டியிருக்கிறார். வாட்ச்மேன் யாரும் பார்க்காதபோது தன் நாற்காலிக்கு நேராக இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தார். நான் பார்த்தேன்.

தடுப்புகள் நான்கும் குட்டைக் கால்களின்மேல் வட்டமாக நிற்கின்றன. சாஸர் ஒன்று, கடிகாரம் ஒன்று, யாரோ வைத்த நிலா ஒன்று, உன் மாமாவின் ஸ்டியரிங் ஒன்று. ஸ்டியரிங் நடு இருக்கையை ஒட்டி. நாம் ஆறடி என்று நினைத்திருந்தோமே, எந்தப் பக்கம் தலை வைத்தாலும் அது அவர் நெஞ்சுக்கோ முட்டிக்கோ நேராக வருகிறது. அளந்து பார்த்தேன்.

உன் மாமா ஸ்டியரிங்கைப் பார்த்ததும் நேரே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளத்தில் விரலை வைத்தார். அப்படியே பொருந்தியது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா? ரைட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கண் செருக ஆரம்பித்தது. பிறகு வழக்கம்போல மூன்றாவது படியில் படுக்க வைத்தேன்.

பெஞ்சைப் பூட்டிய கொத்தனார் வேலை முடிந்ததும் வரைபடத்தைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். தம்பியுடையது, ஞாபகமாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத்தானே சேர வேண்டும்.

அக்கா

ஜூலை 9

அக்கா,

வரைபடத்தைப் பிரித்ததும் புரிந்துகொண்டேன். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நீதான். என் கையெழுத்து உனக்குத் தெரியாமல் போகுமா? தடுப்புகளின் பக்கத்தில் "இடைவெளி ஒன்றேமுக்கால் அடி, படுக்க இயலாதபடி" என்று எழுதியிருப்பது நான்தான். வேறு பிரிவு என்று எழுதியது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்தில் தலைவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம். ஆனா படுக்கற மாதிரி இருக்கே. நாளைக்கே குடித்தனம் வந்துடுவாங்க" என்றார். அங்கே படுப்பவர்கள் நோயாளிகள் என்றேன். "அதுக்குத்தான் உள்ள கட்டில் போட்டிருக்கே" என்றார். மாமாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெரிய கைக்காரர்தான் சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா. வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "விதின்னு வந்தா நான் என்னய்யா பண்ண முடியும்? இரும்பு பைப் டிசைன் ரெடியா இருக்கு, அதை வெல்டிங் வெச்சு அனுப்பிடுவாங்க. அதுக்கு நீயே அழகா எதாவது பண்ணிடேன்" என்றார்.

நான்கு நாள் பென்சிலைத் தொடவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் பைப்பு வரும், பெஞ்சும் பாழாகும், மாமாவுக்கும் இடம் கிடைக்காது. ஐந்தாம் நாள் எடுத்தேன். பைப்புக்குப் பதிலாக மாமாவின் கையே இருக்கட்டுமே என்று தோன்றியது. மற்ற மூன்றையும் அதற்குத் துணையாகத்தான் எடுத்தேன். வேண்டாவெறுப்பாக வரைந்தேன் என்று உனக்கு எழுத ஆசை. அப்படி இல்லை. வரைய வரைய நன்றாக வந்தது. சாப்பிடாமல் வரைந்தேன். நான் இதுவரை செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. நினைத்தால் பயமாக இருக்கிறது. தலைவர் பார்த்துவிட்டு, "தடுப்புன்னே தெரியலையேய்யா" என்று தோளில் தட்டினார்.

சொல், வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிங் மெஷினோடு வந்து அந்த ஸ்டியரிங்கை அறுத்துப் போட்டுவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

மாமாவிடம் சொல்லிவிட்டாயா?

பென்சில்

ஜூலை 30

அன்புள்ள பென்சிலுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? மூன்று வாரம் பதில் போடாமல் இருந்தது கோபத்தால்தான். ஒளிக்க மாட்டேன். உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த "இயலாதபடி" கண்ணில் வந்து நின்றது. அந்த "இ"வுக்கும் "ய"வுக்கும் உன் கையைப் பிடித்து எழுத வைத்தது இதற்குத்தானா என்று ஒரு நாள் அடுப்படியில் நின்று அழுதேன்.

உன் மாமாவிடம் நான் சொல்லவில்லை. ஆபீஸ்காரர்கள் தடுப்பைப் போட்டார்கள், என் தம்பி அதில் உங்கள் ஸ்டியரிங்கையாவது வைக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தான் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது. படி வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. பெஞ்சில்தான் உட்கார வைத்தேன். படுக்கப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே காலை நுழைத்துப் பார்த்தார், மேலே போட்டுப் பார்த்தார், ஒருக்களித்துப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் ஸ்டியரிங்கின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு, அப்படியே கிடந்தார். நான் கழுத்தைத் தாங்கிக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போயிற்று. வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போது கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இத வரைஞ்சது உன் தம்பிதான்."

நான் அவசரமாக, "இல்லீங்க, ஆபீஸ்ல வேற யாரோ" என்றேன்.

"ஆபீஸ்காரன் போட்டிருந்தா இவ்வளவு அழகா இருக்குமா? பாத்த அன்னிக்கே தெரியும். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

அவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"டெப்போவுல, லேட்டாயிடுச்சு, சின்ன ஸ்டாப்புல நிக்காதேன்னு சொல்லுவாங்க. நான் நிக்காமத்தான் போயிருக்கேன். கைக்குழந்தையத் தூக்கிட்டுக் கை காட்டிட்டு ஓடி வருவாங்க. கண்ணாடில பாத்துக்கிட்டே போயிருக்கேன். வண்டிய நல்லா ஓட்டறேன்னு டெப்போவுல பேரு வேற எனக்கு. அவங்க மொகம் எல்லாம் இப்பத்தான் ஒவ்வொண்ணா வருது. அவன ஒண்ணும் சொல்லாத."

இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

ஆகவே நானும் ஒன்றும் சொல்லவில்லை. அறுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நீ அறுத்துவிட்டுப் போனால் மறுநாள் பைப்பு வரும், வாட்ச்மேனுக்கு வேலை போகும். அதோடு, அவர் தினமும் கேட்கிறார், "என் ஸ்டியரிங் பத்திரமா இருக்கா?" என்று. செவ்வாயும் வெள்ளியும் போனதும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்.

இப்போதெல்லாம் அவரால் படியில் தானாக இறங்கிப் படுக்க முடியவில்லை. எழவும் முடியவில்லை. ஒரு ஆள் தூக்குகிற கனம் இல்லை அவர். நான் தூக்கிப் பார்த்துவிட்டேன். யாரையாவது கூப்பிட்டால் வருகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊராரைக் கூப்பிட அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

லீவு போட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வா. மெஷின் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், வெறும் கையோடு வா. பன்னிரண்டு மணிக்கு ஊசியை எடுப்பார்கள். அதற்கு முன்னால் வந்துவிடு. மூன்றாவது படிதான், உனக்குத் தெரியும், நீ நின்று பூ எண்ணின இடம். தலைமாட்டை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ கால்மாட்டைப் பிடி.

உன் அக்கா